பழைய பைக் பாகங்களுக்கு வீட்டிலேயே பெயிண்ட், பவுடர் கோட்டிங்: துரு சுரண்டுவதிலிருந்து போல்ட் முறுக்குவது வரை

என் ஆர்எக்ஸ் 100 சைடு ஸ்டாண்டுக்கு முதன்முதலாகப் பவுடர் கோட்டிங் போட்டபோது பளபளவென்று புது வண்டி ஸ்டாண்டு மாதிரி இருந்தது. ஆறே மாதம். ஒரு மழைக்காலம் முடிந்ததும் வெங்காயத் தோல் போல நீளநீளமாக உரிந்து வந்தது. உள்ளே பார்த்தால் அதே பழைய துரு, முன்பைவிடக் கொஞ்சம் கொழுத்திருந்தது. கோட்டிங்கில் தப்பில்லை. அடியில் துருவையும் கிரீஸையும் விட்டுவிட்டு மேலே போர்வை போர்த்தியது நான்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கலர் அடிப்பதைப் பற்றியே இருக்காது. அவசரப்பட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எதற்குப் பெயிண்ட், எதற்குப் பவுடர்

பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் பொடி. மின்னேற்றம் கொடுத்து இரும்பின்மேல் ஒட்ட வைத்து, ஓவனில் உருக்கி இறுக்குகிறோம். சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான் தடிமன் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கல் அடி, செருப்பு உரசல், ஆயில், பெட்ரோல் எல்லாவற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட முடியாது. பெயிண்ட் அதற்கு நேர்மாறு: சீக்கிரம் கீறும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன பிரஷ்ஷை வைத்துச் சரி செய்துவிடலாம்.

நான் பிரித்துக்கொள்வது இப்படி. சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கேரியர், கிராஷ் கார்டு, பேட்டரி பெட்டி எல்லாம் பவுடர். பெட்ரோல் டேங்க், சைடு பேனல், தகட்டு மட்கார்டு எல்லாம் பெயிண்ட். சைலன்சருக்கு ஹீட் பெயிண்ட் மட்டும். எஞ்சின் கவர் இரண்டிலும் வரும், ஆனால் அதற்குத் தனிப் பக்குவம் உண்டு. சேஸிஸும் ஸ்விங் ஆர்மும் வீட்டு ஓவனில் நுழையாது. அவற்றைக் கடையில் கொடுப்பதுதான் வழி.

ஓவன் பக்கமே கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. ஷாக் அப்சார்பருக்குள் ஆயில் இருக்கும், சிலவற்றில் அழுத்தத்தில் கேஸும் இருக்கும், சூடேறினால் வெடிக்கலாம். ரப்பர் புஷ், ஆயில் சீல் உள்ள எதுவும் கூடாது. ஓட்டையான டேங்குக்கு ஈயம் வைத்திருந்தால் அதுவும் கூடாது. பற்றவைக்கும் ஈயம் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், பவுடருக்கோ 200 டிகிரி வேண்டும். எம்-சீல் வைத்து அடைத்த டேங்கும் அப்படித்தான். நம் ஊரில் முப்பது வருடப் பழைய டேங்க் ஏதாவது ஒரு காலத்தில் எம்-சீலைப் பார்த்திருக்காது என்று நம்புவது கஷ்டம்.

கழற்றிக் கழுவுவது

கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று அன்றைக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், மூன்று வாரம் கழித்து இருக்காது. போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, பெயர் எழுதி வைப்பது நல்லது.

முதல் கழுவல் மண்ணெண்ணெய் அல்லது டீசலில். சங்கிலிப் பக்கம் சேர்ந்த கிரீஸும் மண்ணும் கலந்த களிம்புக்கு அதுதான் மருந்து. ஆனால் டீசல் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதனால் அப்புறம் சுடுநீரும் சோப்புத்தூளும் போட்டு இரண்டு முறை தேய்க்க வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மேலே தண்ணீர் ஊற்றுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்துமுத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் போதும். அதன்பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் வியர்வையிலும் எண்ணெய் உண்டு.

பழைய பெயிண்டும் துருவும்

பழைய பெயிண்டுக்குப் பெயிண்ட் ரிமூவர் ஜெல் தடவி, பிளாஸ்டிக் கவரால் சுற்றி அரை மணி நேரம் விட்டால் புடைத்துக்கொண்டு வரும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மொட்டைமாடி மாதிரி காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். சிலர் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போடச் சொல்வார்கள். இரும்புக்குச் சரி. அலுமினியத்தை அதில் போட்டால் நுரைத்துப் பொங்கி, ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே உலோகத்தைத் தின்றுவிடும். எஞ்சின் கவர், ஹப், ஃபோர்க்கின் அடிக்குழாய் எல்லாம் அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம்.

துருவுக்கு மூன்று வழி. தட்டையான இடங்களுக்கு கிரைண்டரில் கப் பிரஷ். கம்பி இழை தெறித்துத் தோலில் குத்தும், முகக் கவசம் போடுங்கள். லுங்கி கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்க வேண்டாம். சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பக்கத்து வீட்டில் ஒருநாள் பார்க்கும்வரை. பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உப்புத்தாள் போடும்போது முகமூடி அணிந்து, முடிந்தவரை ஈரமாகவே தேயுங்கள்.

மூலை முடுக்கும் ஓட்டைகளும் உள்ள பாகத்துக்கு எனக்குப் பிடித்தது மின்னாற்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரையுங்கள். சமையல் சோடா வேண்டாம், சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயரைத் துருப்பிடித்த பாகத்தில் மாட்டுங்கள். பாசிட்டிவ் வயரை ஒரு பழைய இரும்புத் தகட்டில் மாட்டி, பாகத்தைத் தொடாமல் எதிரே நிறுத்துங்கள். வயரை மாற்றி மாட்டினால் உங்கள் பாகம் கரையும், கவனம். பாகத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி எழும்பும். இரவு முழுக்க விட்டால் துரு கருப்புச் சேறாகிப் பிரஷ்ஷுக்கே வந்துவிடும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். அந்தக் குமிழி ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. எதிர்த்தகடாக எவர்சில்வரைப் போடவே போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீரே நஞ்சாகும்.

மூன்றாவது, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு நீக்கி. மெல்லிய துருவுக்கு நல்லது. பேட்டரி ஆசிட்டை ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கும் கடினப்படுத்திய போல்ட்டும் அமிலத்தில் ஊறினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

துரு போன இரும்பு மொட்டையான இரும்பு. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரைக் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே மேலே ஆரஞ்சு நிறம் படரத் தொடங்கும். கழுவிய உடனே துடைத்து, ஹேர் டிரையர் பிடித்து, அன்றைக்கே பிரைமர் அல்லது பவுடர் போட்டுவிட வேண்டும். பாதி வேலையில் சாப்பிடப் போய்த் தூங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

கடைசி உப்புத்தாள் எது என்பது மேலே போடப்போவதைப் பொறுத்தது. பவுடருக்கு 80 அல்லது 120 நம்பரில் நிறுத்திவிடலாம். அந்தக் கீறல்கள்தான் பிடிமானம், தடிமன் அவற்றை மூடிவிடும். பெயிண்டுக்கு 80-இல் தொடங்கினாலும் 220, 320 வரை வர வேண்டும். இல்லாவிட்டால் கலருக்கு மேல் ஒவ்வொரு கீறலும் வெயிலில் தெரியும். துரு தின்ற குழிகளைப் பெயிண்டுக்கு அடியில் புட்டி வைத்து நிரப்பலாம். பவுடருக்கு அடியில் சாதாரண புட்டி கூடாது, ஓவன் சூட்டில் வெடித்து உப்பும். அங்கே வெல்டிங் வைத்து ராவுவதுதான் வழி, அல்லது குழியோடு ஏற்றுக்கொள்வது. ஸ்டாண்டில் குழி இருந்தால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

மூட வேண்டிய இடங்கள்

80 மைக்ரான் கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். பேரிங் உட்காரும் குழியில் இரண்டு பக்கமும் சேர்ந்தால் அது 160 மைக்ரான். பேரிங் உள்ளே போகாது. புஷ் உட்காரும் இடம், மரை, கேஸ்கெட் படும் முகம், பிவட் பின் எல்லாவற்றையும் மூடுங்கள். பெயிண்டுக்குச் சாதாரண மாஸ்கிங் டேப் போதும். பவுடருக்குச் சூடு தாங்கும் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப்பும் சிலிக்கான் அடைப்பான்களும் வேண்டும். மரைகளுக்குப் பழைய போல்ட்டையே முறுக்கி விடலாம்.

பலரும் மறப்பது எர்த் பாயிண்ட். வண்டியின் மின்சாரம் சேஸிஸ் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. பவுடரோ மின்கடத்தாப் பொருள். புதிதாகக் கோட்டிங் போட்ட வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை, இண்டிகேட்டர் எரியவில்லை என்று ஒயரிங்கையே மாற்றியவர்கள் உண்டு. எர்த் வயர் மாட்டும் போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவு மொட்டையாக விட்டால் அந்தச் செலவு மிச்சம்.

சேஸிஸ் எண் அடித்திருக்கும் இடத்தை கிரைண்டரால் தொடவே கூடாது. எண் படிக்க முடியாமல் போனால் எஃப்.சி.க்குப் போகும்போது நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். டேங்கின் நிறத்தையே மாற்றுவதாக இருந்தால், ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், ஆர்.டி.ஓ.வில் அதை மாற்றிப் பதிய வேண்டும்.

பெயிண்ட் அடிப்பது

நாளைத் தேர்ந்தெடுப்பது பாதி வெற்றி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் வெள்ளை பூத்துப் போகும். தின்னர் ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர வைக்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது, அதுதான் அந்த வெள்ளை. ஆடிக் காற்றில் தூசி ஒட்டும். சித்திரை நண்பகலில் துளிகள் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். மாசி, பங்குனிக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இரும்புக்கு எபாக்சி பிரைமர். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர், அதுவும் தேய்த்த ஒரு சில மணி நேரத்துக்குள். அலுமினியம் தன்மேல் ஒரு ஆக்சைடு தோலை உடனே வளர்த்துக்கொள்ளும், அது வளர வளரப் பிடிமானம் குறையும். ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்கு நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

ஸ்பிரே டப்பாவை உள்ளே குண்டு ஆடும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே போய்த்தான் விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே வழியும். முதல் கோட் மூடவே கூடாது, பனி படிந்த மாதிரி இருந்தால் சரி. பத்து நிமிடம் விட்டு அடுத்தது, அப்புறம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் முந்தைய பட்டையில் பாதியை மூடிக்கொண்டு போங்கள்.

எனாமல் டப்பாக்களில் ஒரு விதி எழுதியிருக்கும்: அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடி, அல்லது ஒன்றிரண்டு நாள் கழித்து அடி. இதைச் சும்மா எழுதவில்லை. இடைப்பட்ட நேரத்தில் மேல் தோல் காய்ந்து அடி ஈரமாக இருக்கும். அப்போது அடித்தால் புதுத் தின்னர் அடியை இளக்கி, பால் ஆடை மாதிரி மொத்தமும் சுருங்கும். அப்படி ஆனால் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டேங்குக்கு ஒரு தனிச் சொல். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், வெறும் டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். சோப்புத் தண்ணீரால் பல முறை அலசி, மூடியைத் திறந்து நாள்கணக்கில் காய விட்ட பிறகே கிரைண்டர். மேல்பூச்சு சாதாரண ஸ்பிரே கிளியராக (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) இருந்தால், பங்கில் ஒருமுறை பெட்ரோல் சிந்தியதுமே பிசுபிசுக்கும். டேங்குக்கு ஹார்டனர் கலக்கும் இருபாக கிளியர்தான் வேண்டும். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். துணி முகமூடி அதற்கு முன் எம்மாத்திரம். அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் ஸ்பிரே அறையும் காற்றுக் குழாய் முகமூடியும் வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுவது என் வழக்கம். உப்புத்தாள் வேலையெல்லாம் முடித்துக் கொண்டுபோனால் கூலியும் குறையும்.

சைலன்சருக்குச் சிலிக்கான் ஹீட் பெயிண்ட், நேராக மொட்டை இரும்பின்மேல், மெல்லிசாக. அடியில் சாதாரண பிரைமர் போட்டால் அது கருகி மேலே இருப்பதையும் தூக்கிவிடும். இந்தப் பெயிண்ட் சூட்டில்தான் முழுக்க இறுகும். மாட்டிய பிறகு பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி ஆற விடுங்கள், அப்புறம் இருபது நிமிடம், அப்புறம் ஒரு சின்னச் சுற்று. முதல் நாள் புகை வரும், பயப்பட வேண்டாம்.

வீட்டில் பவுடர்

தேவையானவை: ஒரு சிறிய பவுடர் கன், ஈரம் வடிகட்டும் கம்ப்ரசர், ஒரு ஓடிஜி ஓவன், அதாவது மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன். ஓவன் விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: ஒருமுறை பவுடர் வெந்த ஓவனில் மறுபடி எந்த உணவும் வேகக் கூடாது. வீட்டில் கேக் செய்யும் ஓவன்மேல் கண் வைக்காதீர்கள், குடும்ப அமைதி கருதியும் சொல்கிறேன். பழையது ஒன்று வாங்கி, சமையலறைக்கு வெளியே, 16 ஆம்ப் பிளக்கில் வையுங்கள். கேஸ் ஓவன் வேண்டாம். காற்றில் மிதக்கும் பவுடர் தூசி தீப்பிடிக்கக் கூடியது, அதனால் பவுடர் அடிக்கும் இடத்தில் தீ எதுவும் இருக்கக் கூடாது.

பவுடரில் வகை உண்டு. வெயில் படும் பாகத்துக்குப் பாலியெஸ்டர். எபாக்சி பவுடர் துருவைத் தடுப்பதில் கெட்டி, ஆனால் வெயிலில் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளிறும். மிச்சத்தை இறுக்க மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நம் கோடையில் மாடி அறையில் விட்டால் கட்டி தட்டும்.

அலுமினிய வார்ப்பாக இருந்தால் முதலில் வெறுமனே ஓவனில் வைத்து, 200 டிகிரிக்குச் சற்று மேல் அரை மணி நேரம் சுடுங்கள். எஞ்சின் கவரின் நுண்துளைகளில் பல வருட ஆயில் ஊறியிருக்கும். இப்போது வியர்க்காவிட்டால் பவுடருக்கு அடியில் வியர்த்துக் குமிழி விடும். வெளியே எடுத்து, ஆறிய பின் அசிட்டோனால் துடைத்து, கறை வந்தால் இன்னொரு சுற்று.

பாகத்தை மொட்டைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டு, கன்னின் எர்த் கிளிப்பை அந்தக் கொக்கியில் மாட்டுங்கள். கொக்கியில் பழைய பவுடர் அப்பியிருந்தால் எர்த் கிடைக்காது, பவுடர் ஒட்டாமல் கீழே கொட்டும். காற்றழுத்தம் குறைவாக, 10 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் போதும். மூலைகளை முதலில் அடியுங்கள். மின்புலம் பவுடரை விளிம்புகளுக்கே இழுக்கும், உள் மூலைகளுக்கு அது போக மறுக்கும். கடைசியில் போய் மூலையை நிரப்பப் பார்த்தால் விளிம்புகள் தடித்துப்போகும். அடியிலிருக்கும் உலோகம் தெரியாத அளவு வந்ததும் நிறுத்துங்கள். இந்த நிலையில் மீசை உரசினால்கூடப் பவுடர் உதிரும், ஓவனுக்குக் கொண்டுபோவதுதான் படபடப்பான கட்டம். அப்படியே எங்காவது பட்டுவிட்டால் ஊதித் தள்ளிவிட்டு மறுபடி அடிக்கலாம், பெயிண்டில் இல்லாத வசதி இது.

டப்பாவில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று இருந்தால் அது ஓவனின் சூடும் நேரமும் ஆகாது. உலோகமே 200 டிகிரியைத் தொட்ட பிறகுதான் அந்தப் பத்து நிமிடம் தொடங்குகிறது. தடித்த ஸ்டாண்டு அந்தச் சூட்டுக்கு வரவே இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கலாம். ஓவனின் திருகியில் இருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வையுங்கள். லேசர் தெர்மாமீட்டர் பளபளக்கும் மொட்டை உலோகத்தில் குறைத்துக் காட்டும், பவுடர் உருகிய பரப்பில் பார்த்தால் ஓரளவு சரியாக வரும். சூடேற்றும் கம்பிக்கு மிக அருகில் பாகம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பழுத்துப்போகும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து அப்படியே ஆற விடுங்கள். பச்சை டேப்பை மட்டும் இளஞ்சூட்டில் உரித்துவிட்டால் விளிம்பு சுத்தமாக வரும்.

வெந்ததா என்று பார்க்க, வெளியே தெரியாத இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் இருபது முறை தேயுங்கள். லேசாக மங்கினால் பரவாயில்லை. துணியில் நிறம் தாராளமாக வந்தால் வேகவில்லை, மறுபடி ஓவனில் வைக்கலாம்.

கடையில் கொடுக்கும்போது

பைக்குக்கென்று தனிக்கடை இல்லாத ஊரிலும் பீரோ செய்யும் பட்டறையோ, அலுமினிய ஜன்னல் வேலை செய்யும் இடமோ இருக்கும். பவுடர் பிளான்ட் அங்கே கிடைக்கும். அவர்கள் கருப்பு ஓட்டும் நாள் எது என்று கேட்டு அன்றைக்குக் கொண்டுபோங்கள், ஒரு சேஸிஸுக்காகக் கலர் மாற்ற யாருக்கும் மனசு வராது. ‘செவன் டேங்க் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் பூச்சு ஏற்றி, நடுநடுவே அலசும் வரிசை அது. பாஸ்பேட் படலம்தான் துருவுக்கு எதிரான உண்மையான பாதுகாப்பு. வீட்டில் நாம் செய்வதில் இல்லாத ஒன்று. சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் மரை, குழாய்களுக்குள் மணல் தங்கும், ஊதிக் கழுவி வாங்குங்கள். எஞ்சின் கேஸை மட்டும் மணலுக்குக் கொடுக்காதீர்கள். ஆயில் வழியில் ஒரு மணல் தங்கினால் பேரிங் போய்விடும்.

மாட்டுவது

பெயிண்ட் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும்; அதற்குள் கிளாம்ப் முறுக்கினால் தடம் விழும். பவுடர் ஆறியதுமே தயார். மரைகளில் பூச்சு இறங்கியிருந்தால் போல்ட்டைப் பலம் கொண்டு ஏற்றாமல், அதே அளவு மரை வெட்டும் டேப் கருவியை ஒருமுறை கையால் ஓட்டி எடுங்கள். போல்ட் தலை படும் இடத்தில் வாஷர் போடுங்கள். இரண்டு தடித்த பூச்சுகள் ஒன்றையொன்று அழுத்தும்போது மெல்ல நசுங்கும், அதனால் போல்ட் தானாகத் தளரும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். கடைசியில் டப்பாவில் மிஞ்சும் பெயிண்டைச் சின்ன நெயில் பாலிஷ் பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி, டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள்.